வேலி இல்லாத நாட்டில் மாணவர்கள்!

ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவே ஒரு பெரிய நாடு இருக்கிறது.

அதன் பெயர் மங்கோலியா!

பரப்பு, 15 லட்சத்து 64 ஆயிரம் சதுர கிலோ மீட்டர். இந்தியாவில் ஏறக்குறையப் பாதி. ஆனால், அங்கே வசிக்கும் மக்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 35 லட்சம் பேர்தான்!

மனிதர்கள்தான் குறைவு. கால்நடைகள் ஏராளம். 5 கோடிக்கும் மேல் இருக்கின்றன. ஆளுக்கு 14 என்று பங்கு போட்டாலும் மீதி இருக்கும்!

அந்த நாட்டுக்குக் கடல் கிடையாது. புல்வெளிக்கு வேலியும் கிடையாது. மேய்ச்சல் நிலம் தனி ஒருவருக்குச் சொந்தம் ஆகாது. 1992-ல் எழுதப்பட்ட அரசியல் சட்டமே அப்படிச் சொல்லுகிறது.

கோடை காலம் வந்தால் இந்த நாட்டுக்கு வெளிநாட்டு மாணவ-மாணவிகள் வருகிறார்கள். 2 வாரம், 3 வாரம், ஒரு மாதம் தங்குகிறார்கள். மங்கோலியரின் வாழ்க்கையையும் பழக்க வழக்கங்களையும் நேரில் படிக்க வருகிறார்கள்.

வரும்போது அவர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். செங்கிஸ்கான்! 1206-ம் ஆண்டில் மங்கோலியக் குலங்களை ஒன்று சேர்த்து, உலகத்தையே நடுங்க வைத்த பேரரசன் அவன்.

திரும்பிப் போகும்போது அவர்கள் அதிகம் பேசுவது செங்கிஸ்கானைப் பற்றி அல்ல. சாணி பொறுக்கியதைப் பற்றித்தான்!

அது என்ன கதை?

முதல் பாடம்

ஆகாய விமானம் உலான்பாத்தர் நகரில் இறங்குகிறது. அதுதான் தலைநகரம். உலகத்துத் தலைநகரங்களிலேயே மிகவும் குளிரானது இதுதான். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரைகூடப் போகும்!

கோடையில் அந்தப் பயம் இல்லை. முதல் சில நாட்கள் நகரத்தில் பாடம் நடக்கும். நாலு சொல் மொழி கற்றுக் கொள்ளுகிறார்கள். நலமா என்று கேட்க, "சைன் பைனு?" நன்றி சொல்ல, "பயர்லலா!"

பழைய மங்கோலிய எழுத்தையும் எழுதிப் பார்க்கிறார்கள். அந்த எழுத்து இடமிருந்து வலம் போகாது. மேலிருந்து கீழே இறங்கும்! ரஷ்யச் செல்வாக்கு ஓங்கி இருந்த 1940-களில் அதை விலக்கிவிட்டு, ரஷ்ய எழுத்தைப் புகுத்தினார்கள். இப்போது பழைய எழுத்துக்கு மறுபடியும் மரியாதை வந்திருக்கிறது. 2025-ம் ஆண்டு முதல் அரசாங்க அலுவலகங்களில் இரண்டு எழுத்தும் பழக்கத்துக்கு வந்துள்ளன.

காந்தன் மடத்துக்கும் மாணவர்கள் போகிறார்கள். அங்கே அவலோகிதேசுவரர் சிலை நிற்கிறது. உயரம் 26 மீட்டர்! 1930-களில் கம்யூனிஸ்டு ஆட்சி பவுத்த மடங்களை இடித்தது. பல ஆயிரம் பிக்குகள் கொல்லப்பட்டார்கள். இந்த மடத்தின் பழைய சிலையும் அப்போது பறிபோயிற்று. 1990-ல் ஜனநாயகம் வந்தது. மக்கள் காசு சேர்த்தார்கள். 1996-ல் புதிய சிலை எழுந்தது.

இனிஷியல் உண்டு!

மங்கோலியரின் பெயர் வைக்கும் முறையைக் கேட்டால் தமிழர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அவர்களுக்கு ஐரோப்பியரைப் போலக் குடும்பப் பெயர் போட்டுக் கொள்ளும் பழக்கம் இல்லை. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக் கொள்ளுகிறார்கள். இங்கே உள்ள இனிஷியல் மாதிரியேதான்!

1981-ல் விண்வெளிக்குப் போன முதல் மங்கோலியர் குர்ரக்சா. ஜூக்தர்தெமித் என்பவரின் மகன். ஆகவே, அவர் பெயரை ஜூ. குர்ரக்சா என்று எழுதுகிறார்கள்.

இன்னொரு அதிசயமும் உண்டு. வானத்துக் கிரகங்களின் பெயரைக் கேளுங்கள். செவ்வாய்க்கு அங்காரக். புதனுக்கு புத். வியாழனுக்கு பர்ஹஸ்பத். வெள்ளிக்கு சுகர். எல்லாம் வடமொழியில் இருந்து போனவை! பவுத்த மதம் இந்தியாவில் இருந்து திபெத்துக்குப் போயிற்று. அங்கிருந்து மங்கோலியாவுக்குப் போயிற்று. அதோடு கூடவே அங்காரகனும் பிரகஸ்பதியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்!

கதவைத் தட்டக் கூடாது!

நகரத்துப் பாடம் முடிந்தது. மாணவர்கள் வண்டி ஏறுகிறார்கள்.

கொஞ்ச தூரம் தார் ரோடு. பிறகு மண் தடம். பிறகு அதுவும் இல்லை. புல்வெளிதான் ரோடு! பல மணி நேரம் குலுங்கிக் குலுங்கிப் போன பிறகு, தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது.

அதுதான் வீடு!

"கெர்" என்று அதற்குப் பெயர். வட்டமான கூடாரம். மேய்ப்பர் குடும்பம் ஒன்று அதில் வசிக்கிறது. மாணவர்கள் சில நாட்கள் அந்தக் குடும்பத்தோடு இருக்க வேண்டும்.

வண்டியை விட்டு இறங்கியதும் போய்க் கதவைத் தட்டலாமா? கூடாது! கதவைத் தட்டுவது மங்கோலியருக்குப் பிடிக்காது. தூரத்தில் நின்று, "நோகோய் கோர்!" என்று குரல் கொடுக்க வேண்டும்.

அதன் அர்த்தம் என்ன? "நாயைப் பிடியுங்கள்!"

வீட்டுக்காரர் வெளியே வருவார். நாயை அதட்டுவார். உள்ளே கூப்பிடுவார். வந்தவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் பிறகுதான். முதலில் தேநீர்!

அடுத்த வீடு பல மைலுக்கு அப்பால் இருக்கும் நாடு அது. வழிப்போக்கனை உள்ளே விடாவிட்டால் அவன் குளிரில் செத்துப் போவான். இன்றைக்கு வீட்டுக்காரர், நாளைக்கு வழிப்போக்கர். ஆகவே, விருந்து உபசாரம் அங்கே வெறும் மரியாதை அல்ல. உயிர் காக்கும் ஏற்பாடு.

வாசல் படி ஜாக்கிரதை!

உள்ளே நுழையும்போது வாசல் படியை மிதிக்கக் கூடாது. தாண்டித்தான் போக வேண்டும். இது தமிழ்நாட்டுப் பாட்டிமார் சொல்லுவது போலவே இருக்கிறது அல்லவா?

கெர் வீட்டின் வாசல் எப்போதும் தெற்குப் பார்த்தே இருக்கும். வாடைக்காற்று வடக்கில் இருந்து வருவதுதான் காரணம். நடுவில் அடுப்பு. மேற்குப் பக்கம் விருந்தாளிகளுக்கும் ஆண்களுக்கும். கிழக்குப் பக்கம் சமையல் சாமான்கள். கதவுக்கு நேர் எதிரே, வடக்கில் சாமிப் படங்களும் முன்னோர் படங்களும் இருக்கும். பெரியவர்கள் அங்கே உட்காருவார்கள்.

நடுவில் இரண்டு தூண்கள் இருக்கும். அவற்றுக்கு ஊடே புகுந்து போகக் கூடாது. அடுப்பை நோக்கிக் காலை நீட்டக் கூடாது. அடுப்பில் குப்பை போடக் கூடாது. நெருப்பைத் தெய்வமாக மதிக்கிறார்கள்.

எதைக் கொடுத்தாலும் வலது கையால் வாங்க வேண்டும். இடது கை, வலது முழங்கையைத் தாங்க வேண்டும்.

முதல் நாள் மாணவர்கள் பாடு திண்டாட்டம்தான். ஒருவர் தூணில் சாய்வார். ஒருவர் படியை மிதிப்பார். குழந்தைகள் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் குழந்தைகளே வாத்தியார் ஆகிவிடுவார்கள்!

கெர் வீட்டைப் பிரிக்கவும் கட்டவும் ஓரிரு மணி நேரம் போதும். மரப்பின்னலை விரித்துச் சுவர் ஆக்குகிறார்கள். மேலே கழிகள். அதன் மேல் கம்பளம். ஆட்டு ரோமத்தை அடித்து, நனைத்து, சுருட்டி, குதிரையின் பின்னே கட்டி உருட்டிச் செய்யும் கம்பளம் அது. இந்த வீடு கட்டும் கலையை யுனெஸ்கோ 2013-ல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

உப்புத் தேநீர்

கிண்ணத்தில் சுடச்சுட தேநீர் வருகிறது. வெள்ளையாக இருக்கிறது. ஆசையோடு ஒரு வாய் குடித்த மாணவி திடுக்கிடுகிறாள்.

உப்பு!

ஆம். மங்கோலியர் தேநீரில் சர்க்கரை போடுவது இல்லை. பாலும் உப்பும் போடுகிறார்கள். இரண்டு நாள் பழகிவிட்டால், குளிர் காற்றுக்கு அதைப் போல இதம் வேறு இல்லை என்று தெரியும்.

கோடையில் பால் உணவு. குளிர்காலத்தில் இறைச்சி. இதுதான் புல்வெளியின் சாப்பாட்டுக் கணக்கு. பாலில் இருந்து தயிர், வெண்ணெய், பாலேடு எல்லாம் எடுக்கிறார்கள். தயிர்க் கட்டியைக் கூரை மேல் காய வைப்பார்கள். கல் மாதிரி ஆகிவிடும். அதற்கு "ஆரூல்" என்று பெயர். பையில் போட்டுக் கொண்டு நாள் முழுவதும் கடிக்கலாம்!

குதிரைப் பாலைத் தோல் பையில் ஊற்றிப் புளிக்க வைக்கிறார்கள். அதுதான் "ஆய்ராக்". பையில் ஒரு மத்து செருகி இருக்கும். ஆயிரக்கணக்கான தடவை கடைய வேண்டும். வீட்டுக்கு வருகிறவர், போகிறவர் எல்லாம் நாலு கடை கடைந்துவிட்டுப் போவார்கள். மாணவர்களும் கடைகிறார்கள். கொஞ்சம் போதை உள்ள பானம் அது. குடிக்க விரும்பாதவர்கள் மறுக்காமல் வாங்கி, உதட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

சைவச் சாப்பாட்டுக்காரர் பாடு கொஞ்சம் கஷ்டம்தான். காய்கறி என்றால் பெரும்பாலும் உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோசு!

சாணி பொறுக்கும் போட்டி!

பொழுது விடிகிறது. வேடிக்கை பார்க்க வந்த மாணவர்களுக்கு வேலை காத்திருக்கிறது.

புல்வெளியில் மரம் கிடையாது. விறகுக்கு எங்கே போவது? காய்ந்த சாணிதான் எரிபொருள். தமிழ்நாட்டு வரட்டியைப் போலத் தட்டிக் காய வைக்க வேண்டியது இல்லை. வறண்ட காற்றில் அதுவாகவே காய்ந்து கிடக்கும். பொறுக்க வேண்டியதுதான்.

முதுகில் ஒரு கூடை. கையில் நீண்ட முள் கரண்டி. குனியாமலே சாணியைக் குத்தி எடுத்து, தோளுக்கு மேலாக வீச வேண்டும். அது பின்னால் இருக்கும் கூடையில் போய் விழ வேண்டும்!

வீட்டுக்காரப் பெண் வீசினால் ஒன்றுகூடத் தவறாது. மாணவன் வீசினால் தலையில் விழும்!

ஆடுகளைக் கறப்பது இன்னொரு வேடிக்கை. ஆடுகளை எதிரும் புதிருமாக நிறுத்தி, கழுத்தோடு கழுத்தாகக் கயிற்றால் பின்னிவிடுகிறார்கள். பின்னால் இருந்து வரிசையாகக் கறந்து கொண்டே போகிறார்கள்.

தண்ணீரைத் தூரத்தில் இருந்து கொண்டு வர வேண்டும். ஆகவே, ஒரு குவளைத் தண்ணீரில் முகம் கழுவி, பல் தேய்த்து முடித்துவிட வேண்டும். குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தவர்களுக்கு இது பெரிய பாடம்!

பழைய காலத்திலேயே நின்றுவிட்ட மக்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கூரை மேல் சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் பலகை இருக்கும். உள்ளே டெலிவிஷன் ஓடும். கையில் செல்போன் இருக்கும். மோட்டார் சைக்கிளில் ஆடு மேய்க்கும் இளைஞர்களும் உண்டு!

அழுத ஒட்டகம்

வசந்த காலத்தில் கோபி பாலைவனத்துக்குப் போகும் மாணவர்களுக்கு அபூர்வமான ஒரு காட்சி கிடைக்கலாம்.

சில சமயம் தாய் ஒட்டகம், தான் ஈன்ற குட்டியையே வெறுத்துவிடும். பால் கொடுக்காது. கிட்ட வந்தால் உதைக்கும். அப்படியே விட்டால் குட்டி செத்துவிடும்.

அப்போது என்ன செய்வார்கள்? பாட்டுப் பாடுவார்கள்!

"மோரின் ஹூர்" என்ற வாத்தியத்தை ஒருவர் வாசிப்பார். உச்சியில் குதிரைத் தலை செதுக்கிய வாத்தியம் அது. அதன் இரண்டு தந்திகளும் குதிரை ரோமம். ஒரு பெண் தாய் ஒட்டகத்தின் ரோமத்தைத் தடவிக் கொடுத்தபடி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பாடுவாள். சில மணி நேரம்கூட ஆகும். கடைசியில் ஒட்டகத்தின் மனம் இளகும். கண்ணில் நீர் வழியும். குட்டியைப் பால் குடிக்க விடும்!

இதை வைத்து எடுத்த "அழும் ஒட்டகத்தின் கதை" என்ற படம் 2003-ல் வெளிவந்து உலகம் எங்கும் ஓடியது.

2015-ல் இந்த வழக்கத்தையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. ஆனால், அது வேறு பட்டியல். "அவசரமாகக் காப்பாற்ற வேண்டியவை" என்ற பட்டியல்!

கடைசிக் குதிரைக்கும் மரியாதை

ஜூலை மாதம் 11-ந் தேதி "நாதம்" திருவிழா தொடங்கும். மல்யுத்தம், வில்வித்தை, குதிரைப் பந்தயம் மூன்றும் நடக்கும்.

மல்யுத்தத்தில் எடை பார்த்து ஜோடி சேர்ப்பது கிடையாது. யானையோடு பூனை மோதலாம்! ஜெயித்தவர் கழுகு சிறகை விரிப்பது போல ஆடுவார்.

குதிரைப் பந்தயத்துக்கு வட்ட மைதானம் இல்லை. திறந்த புல்வெளியில் ஓடுகின்றன. 25 கிலோ மீட்டர் ஓடும் பந்தயமும் உண்டு. ஓட்டுகிறவர்கள் சிறுவர் சிறுமியர்! இதில் விபத்து உண்டு. ஆகவே, எதிர்ப்பும் உண்டு.

மாணவர்களைக் கவரும் விஷயம் வேறு. 2 வயதுக் குதிரைகளின் பந்தயத்தில் கடைசியாக வந்த குதிரைக்கும் வாழ்த்துப் பாட்டுப் பாடுகிறார்கள். அடுத்த ஆண்டு நீ முதலில் வா என்று வாழ்த்துகிறார்கள்.

வெள்ளைப் பேய்

இவ்வளவு கலகலப்புக்கும் நடுவே, மேய்ப்பர் முகத்தை வாட வைக்கும் சொல் ஒன்று உண்டு. அதுதான் "ஜுட்".

கோடையில் மழை பொய்த்தால் புல் வளராது. கால்நடைகள் மெலிந்துவிடும். அதற்குப் பின் வரும் குளிர்காலத்தில் பனி அடர்த்தியாகப் பெய்தால், இருக்கிற புல்லும் மூடிவிடும். குளம்பால் கீறிப் பார்த்தாலும் எட்டாது. கால்நடைகள் நின்ற இடத்திலேயே பசியால் சாகும். அதுதான் வெள்ளை ஜுட்.

பனி உருகி மறுபடியும் உறைந்தால் தரை முழுவதும் பனிக்கட்டி ஓடு ஆகிவிடும். அது இரும்பு ஜுட்.

2009-10 குளிர்காலத்தில் சுமார் 1 கோடி கால்நடைகள் செத்தன. 2023-24 குளிர்காலத்தில் 70 லட்சத்துக்கும் மேல் செத்தன.

வங்கியில் பணம் போட்டு வைப்பது போல மேய்ப்பருக்கு மந்தைதான் சொத்து. மந்தை செத்தால் எல்லாம் போயிற்று!

ஜுட் முன்னாலும் வந்தது. ஆனால், இப்போது அடிக்கடி வருகிறது. 1940-ல் இருந்து மங்கோலியாவின் சராசரி வெப்பம் 2 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. கோடை வறண்டு போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கம்யூனிஸ்டு ஆட்சி முடிந்த 1990-ல் கால்நடைகள் இரண்டரைக் கோடிதான். 2019-ல் 7 கோடி ஆயின! காஷ்மீர் கம்பளிக்கு வெளிநாட்டில் நல்ல விலை. ஆகவே, அந்த ரோமம் தரும் வெள்ளாட்டை அதிகம் வளர்த்தார்கள். வெள்ளாடு புல்லை வேரோடு கடித்துவிடும். புல்வெளி தாங்கவில்லை.

இதைக் கேட்கும்போதுதான் மாணவர்களுக்கு ஒரு விஷயம் புரிகிறது. மங்கோலியர் சந்தித்தால், ஆடு மாடு கொழுத்திருக்கிறதா என்று முதலில் விசாரிக்கிறார்களே, அது சும்மா பேச்சு அல்ல. உன் குடும்பம் வரும் குளிர்காலத்தைத் தாண்டுமா என்ற கேள்வி!

பட்டணத்து ஓரம்

மந்தையை இழந்தவர்கள் எங்கே போகிறார்கள்?

கெர் வீட்டைப் பிரித்து லாரியில் ஏற்றுகிறார்கள். உலான்பாத்தர் நகரத்துக்குப் போகிறார்கள். மலைச் சரிவில் மறுபடியும் கட்டுகிறார்கள். நாட்டு மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இப்போது அந்த ஒரு நகரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல், இந்தக் கூடாரப் பேட்டைகளில் வசிக்கிறார்கள்.

அங்கே குழாய்த் தண்ணீர் வீடு வரை வராது. கேன் எடுத்துப் போய்த் தண்ணீர் வாங்க வேண்டும். குளிருக்கு நிலக்கரி எரிக்கிறார்கள். குளிர்காலத்தில் நகரமே புகையில் மூழ்கிவிடும். 2019-ல் கச்சா நிலக்கரியை எரிக்கக் கூடாது என்று தடை போட்டு, பக்குவப்படுத்திய கரிக்கட்டியைக் கொடுத்தார்கள். ஆனாலும் புகை தீர்ந்தபாடில்லை.

புல்வெளியில் பார்த்த அதே வட்ட வீடுதான். அதே தெற்கு வாசல்தான். ஆனால், இங்கே சுற்றிலும் பலகை வேலி! வேலி இல்லாத நாட்டில் மாணவர்கள் பார்க்கும் முதல் வேலி அதுதான்.

யார் மேய்ப்பது?

மேய்ப்பரின் குழந்தைகள் 6 வயதில் பள்ளிக்கூடம் போக வேண்டும். பள்ளிக்கூடம் வெகு தூரத்தில், சிற்றூரில் இருக்கிறது. ஆகவே, அங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். கோடை விடுமுறையில்தான் மந்தைக்குத் திரும்புகிறார்கள்.

படித்த பிள்ளைக்குப் பட்டணத்து உத்தியோகம் பிடிக்கிறது. மகன் படிக்கவும் வேண்டும். மந்தையும் இருக்க வேண்டும். இரண்டும் எப்படி நடக்கும்? இதுதான் பல குடும்பங்களில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் பேச்சு.

வெளிநாட்டு மாணவர்கள் அதைக் கேட்டு மவுனம் ஆகிறார்கள். அவர்களும் படிப்புக்காக வீட்டை விட்டு வந்தவர்கள்தானே!

மூன்று வாரத்தில் ஒரு நாட்டைப் புரிந்து கொண்டுவிட முடியாது. ஆனால், ஒன்றைப் புரிந்து கொள்ளலாம். அந்நியர் வீட்டில் எப்படி நுழைவது, எப்படி வாங்குவது, எப்படி உட்காருவது என்று சிறு குழந்தையிடம் கைகட்டிக் கேட்டுக் கற்றுக் கொள்ளலாம். அந்தப் பணிவு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

கடைசி நாள் வருகிறது. வண்டி புறப்படுகிறது. வீட்டுக்காரப் பெண் பால் பாத்திரத்தோடு வெளியே வருகிறாள். வண்டி போகும் திசையில் கரண்டியால் பாலைத் தெளிக்கிறாள். வெண்மை என்றால் மங்கோலியருக்குத் தூய்மை, நன்மை. போகும் வழி நல்ல வழியாக இருக்கட்டும் என்ற வாழ்த்து அது.

அந்தப் பாலைக் கொடுத்த மாடு அடுத்த குளிர்காலத்தைத் தாண்டுமா என்பது அவளுக்குத் தெரியாது. ஆனாலும், வழிப்பிரயாணிக்காகப் பால் தெளிக்க அவள் தயங்குவது இல்லை!